உணவுக்கடைக்கு எரிசக்தி மானியம்: மின்கட்டண பில்லில் தொடங்கிப் பணம் கைக்கு வரும்வரை

பழைய ஃப்ரீசர், ஏர்கான், குழல்விளக்குகளை மாற்றிவிட்டு மின்சாரம் குறைவாக இழுக்கும் கருவிகளை வாங்க நினைக்கும் கடைக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். சிங்கப்பூரில் லிட்டில் இந்தியாவின் தேக்கா வட்டாரத்து உணவுக்கடைகளை மனத்தில் வைத்தே எழுதினாலும் மளிகைக்கடைக்கும் இது பொருந்தும். மானியம் உண்டு என்பது பலருக்கும் தெரியும். வரிசைதான் தெரிவதில்லை. விற்பனையாளரின் விலைப்புள்ளியைக் கையில் வாங்கிக்கொண்டுதான் பெரும்பாலோர் தொடங்குகிறார்கள். கீழே உள்ள வரிசையில் விலைப்புள்ளி ஏழாவது இடத்தில்தான் வருகிறது.

தொடங்குமுன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். செலவான மின்சாரத்துக்கு மீட்டர் உண்டு, மிச்சமான மின்சாரத்துக்குக் கிடையாது. ஆகவே உலகெங்கும் இத்தகைய திட்டங்களை நடத்துபவர்களுக்கு ஒரே சந்தேகம்: “நாம் பணம் கொடுக்காமல் இருந்திருந்தாலும் இவர் இதை வாங்கியிருப்பாரோ?” படிவத்தில் எரிச்சலூட்டும் கேள்விகளில் பாதி இந்தச் சந்தேகத்திலிருந்து வந்தவை.

1. சரியான கதவைத் தட்டுங்கள்

சில நாடுகளில் மின்சார நிறுவனமே சிக்கனத் திட்டத்தை நடத்துகிறது. விற்பனை குறைந்தால் அதற்கே நட்டம் என்பதால், அந்த நட்டத்தை எப்படி ஈடுசெய்வது என்று ஒழுங்குமுறை ஆணையம் தனியாகத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சிங்கப்பூரில் ஏற்பாடு வேறு. மின்கம்பிக் கட்டமைப்பு எஸ்பி குழுமம் என்ற நிறுவனத்திடம் இருக்கிறது. சந்தையை எரிசக்திச் சந்தை ஆணையம் கண்காணிக்கிறது. கருவிகளின் தரத்தையும், எவ்வளவு சிக்கனமானவை என்று காட்டும் ‘டிக்’ முத்திரையையும் தேசியச் சுற்றுப்புற வாரியம் வகுக்கிறது. உணவுக்கடை, சில்லறைக் கடைகளுக்கான எரிசக்திச் செயல்திறன் மானியத்தை எண்டர்பிரைஸ் சிங்கப்பூர் என்ற அரசு அமைப்பு கவனிக்கிறது. எனவே மானியம் கேட்டு எஸ்பி குழுமத்தை அழைப்பதில் பயனில்லை.

இன்னொரு குழப்பம் வீட்டுப் பற்றுச்சீட்டு. 2024 ஏப்ரலில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் குடும்பங்களுக்கு, சிக்கனமான கருவிகள் வாங்க 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பருவநிலைப் பற்றுச்சீட்டு வந்தது. 2025 ஏப்ரலில் மேலும் 100 வெள்ளி சேர்ந்தது. தனியார் வீடுகளில் வசிக்கும் சிங்கப்பூரர் குடும்பங்களுக்கும் 400 வெள்ளி கிடைத்தது. 2027 டிசம்பர் 31 வரை அது செல்லும். அது வீட்டுக்கானது. அதைக் கொண்டுபோய்க் கடைக்கு ஃப்ரிட்ஜ் வாங்கிவிட்டு, அதே கருவிக்கு வணிக மானியமும் கேட்கக் கூடாது.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

அக்ராவில் (நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அரசு ஆணையம்) நிறுவனத்தின் பதிவு விவரம், உங்கள் பெயரில் செயல்படும் கார்ப்பாஸ் கணக்கு (அரசின் இணையச் சேவைகளில் நிறுவனத்தின் சார்பில் நுழைவதற்கானது), நிறுவனத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு, கடை வாடகை ஒப்பந்தம், கடந்த 12 மாத மின்கட்டண பில்கள். உள்ளூர்ப் பங்குடைமை குறைந்தது 30 விழுக்காடு இருக்க வேண்டும் என்பதால் பங்குதாரர் பட்டியலையும் சரிபாருங்கள்.

இதில் அதிகம் சிக்க வைப்பது பெயர்தான். கடையை மாமாவிடமிருந்து மருமகன் எடுத்து நடத்துவார். அக்ராவில் புதிய நிறுவனம் இருக்கும்; மின்சாரக் கணக்கு மட்டும் மாமாவின் பெயரிலேயே ஓடிக்கொண்டிருக்கும். நிறுவனத்தின் பெயரும் முகவரியும் பில்லில் இருப்பதும் ஒத்துப்போகாவிட்டால் கேள்விமேல் கேள்வி வரும். பெயர் மாற்றத்தை முதல் வேலையாக முடித்துவிடுங்கள்.

கார்ப்பாஸும் அப்படித்தான். கணக்காளர் எப்போதோ திறந்து வைத்திருப்பார், அவர் வேலையை விட்டுப் போயிருப்பார். விண்ணப்பிக்கும் மானிய இணையத்தளத்துக்குள் நுழைய உங்களுக்கு அதிகாரம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றே பார்த்துவிடுங்கள்.

3. பில்லைப் படியுங்கள், தொகையை அல்ல

பில்லில் எல்லோரும் பார்ப்பது வெள்ளிக் கணக்கை. நீங்கள் பார்க்க வேண்டியது கிலோவாட்-மணி, அதாவது யூனிட் கணக்கை. கட்டண விகிதம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். சிங்கப்பூர் மின்சாரத்தில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்து வருவதால் எரிபொருள் விலையோடு அதுவும் ஏறி இறங்கும். பில் தொகை குறைந்தது என்பதற்காக நீங்கள் சிக்கனமாக இருந்தீர்கள் என்று அர்த்தமில்லை.

பழைய வகை மீட்டர் உள்ள கடைகளில் அளவு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் எடுக்கப்படும். இடைப்பட்ட மாதம் மதிப்பீடு. மதிப்பீட்டு மாதத்தைத் தனியாக எடுத்துக் கணக்கிட்டால் தப்பான முடிவுக்கு வருவீர்கள். இரண்டிரண்டு மாதமாகச் சேர்த்துப் பாருங்கள். புதிய மீட்டர் என்றால் அரைமணிக்கொரு முறை பயன்பாட்டை எஸ்பி செயலியிலேயே பார்க்கலாம். அது கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

ஏன் 12 மாதம்? தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் இனிப்பும் முறுக்கும் போட்டு இரவெல்லாம் அடுப்பெரியும் கடைக்கும், நோன்பு மாதத்தில் நேரத்தையே மாற்றிக்கொள்ளும் கடைக்கும் ஒரு மாத பில் எதையும் சொல்லாது.

திறந்த மின்சாரச் சந்தையில் வேறு விற்பனையாளரிடம் நிலையான விலைத் திட்டத்தில் இருப்பவர்கள், சேமிப்பைத் தங்கள் ஒப்பந்த விலையில் கணக்கிட வேண்டும். எஸ்பி கட்டணத்தில் கணக்குப் போட்டுவிட்டு ஏமாறுபவர்கள் உண்டு.

கடைத்தொகுதிக்குள் இருந்துகொண்டு உரிமையாளரின் துணை மீட்டரில் ஓடுபவர்கள், ஒவ்வொரு மாத அளவையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாடகையோடு சேர்த்து மொத்தமாகக் கட்டுபவருக்கு இந்த வழிகாட்டி அவ்வளவாக உதவாது. மின்சாரம் மிச்சமானால் லாபம் உரிமையாளருக்கு, கருவி வாங்கும் செலவு உங்களுக்கு. ஒப்பந்தத்தை மாற்றிக்கொண்டு பிறகு வாருங்கள்.

4. முதலில் சுத்தம், பிறகு அளவை

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள்.

சமையலறையில் நிற்கும் நான்கு கதவு ஃப்ரீசரின் அடித் தகட்டையோ மேல் தகட்டையோ கழற்றிப் பாருங்கள். வெப்பத்தை வெளியே தள்ளும் கண்டென்சர் சுருளில் எண்ணெய்ப் புகையும் மாவுத் தூசியும் சேர்ந்து கம்பளிபோல் அப்பியிருக்கும். வெப்பம் வெளியே போக வழியில்லாமல் கம்ப்ரசர் நிற்காமல் ஓடும். பிறகு கதவு. ஒரு காகிதத் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் பட்டை போய்விட்டது. பட்டையை மட்டும் மாற்றலாம், அதற்கு மானியம் தேவையில்லை.

சுருளைத் துடைத்து, பட்டையை மாற்றி, ஏர்கானின் வடிகட்டியைக் கழுவிவிட்டு, அதன் பிறகு அளந்து பாருங்கள். விற்பனையாளர்கள் அழுக்கோடு அளப்பதையே விரும்புவார்கள். பழைய கருவி எவ்வளவு மோசமாகத் தெரிகிறதோ அவ்வளவுக்குப் புதியது நன்றாகத் தெரியும். ஆனால் அழுக்கு தின்ற மின்சாரத்தையும் இயந்திரத்தின் கணக்கில் எழுதிவிட்டால், புதிய கருவி வந்த பின் சொன்ன சேமிப்பு வராது. இரண்டே ஆண்டுகளில் புதியதிலும் அழுக்கு ஏறி, பழைய கதைதான்.

அளப்பதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழிக்குச் செலவே இல்லை. இரவு கடையை மூடும்போது மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், காலையில் திறந்ததும் மறுபடி குறியுங்கள். இரவு 11 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் 21 யூனிட் ஓடியிருந்தால், ஆளில்லாத கடையில் மணிக்கு 3 யூனிட் போய்க்கொண்டிருக்கிறது. அது பெரும்பாலும் குளிர்பதனக் கருவிகள். சில கடைகளில் அணைக்க மறந்த புகைப்போக்கி விசிறியும் அதில் இருக்கும்.

இரண்டாவது, 13 ஆம்பியர் பிளக்கில் செருகும் சிறிய மின்அளவி. ஒவ்வொரு ஃப்ரிட்ஜுக்கும் முழுதாக ஒரு வாரம் வையுங்கள். லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை விட்டுவிட்டு எடுக்கும் அளவு அளவே அல்ல, அன்றுதான் கதவு மூடுவதே இல்லை.

மூன்றாவது, சுவரில் நேரடியாக இணைத்த ஏர்கான் போன்றவற்றுக்கு, உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்து அளக்கச் சொல்வது. மூடியைக் கழற்றி நீங்களே கை வைக்காதீர்கள்.

ஒரு சுவையான விஷயம்: எந்தக் கடையிலும் முதலில் சந்தேகிக்கப்படுவது மாவு அரைக்கும் கிரைண்டர்தான், அதன் சத்தம் அப்படி. நாளுக்குச் சில மணி நேரம் ஓடும் மோட்டார் அது. மூலையில் சத்தமில்லாமல் 24 மணி நேரமும் நிற்கும் ஃப்ரீசரை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

5. எதை முதலில் மாற்றுவது என்று கணக்குப் போடுங்கள்

கணக்கு எளிமையானதுதான். ஒரு யூனிட் 30 காசு என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பில்லில் உள்ள விகிதத்தைப் போட்டு நீங்களே செய்து பாருங்கள்.

பழைய ஃப்ரீசர் நாளுக்கு 14 யூனிட், அதே கொள்ளளவுள்ள புதியது 7 யூனிட் என்றால் ஆண்டுக்கு 2,555 யூனிட், ஏறத்தாழ 766 வெள்ளி மிச்சம். கருவியின் விலை 4,200 வெள்ளி என்றால் மானியமில்லாமல் போட்ட பணம் திரும்ப ஐந்தரை ஆண்டு பிடிக்கும். 70 விழுக்காடு மானியம் கிடைத்தால் உங்கள் பங்கு 1,260 வெள்ளி. இருபது மாதத்தில் திரும்பிவிடும்.

இப்போது விளக்கு. பழைய 36 வாட் குழல்விளக்கு, சோக்கோடு சேர்த்து 44 வாட் இழுக்கும் என்று கொள்ளலாம். 18 வாட் எல்இடி போட்டால் ஒன்றுக்கு 26 வாட் மிச்சம். இருபது விளக்கு, நாளுக்கு 14 மணி நேரம், ஆண்டுக்கு 360 நாள் என்றால் சுமார் 2,620 யூனிட், 786 வெள்ளி. ஃப்ரீசர் தரும் அதே மிச்சம், செலவோ அதில் சிறு பங்கு. விளக்கை மாற்றாமல் ஃப்ரீசருக்கு விண்ணப்பிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் வியப்புதான்.

ஏர்கானில் கவனிக்க வேண்டியது இரண்டு. முதலாவது, பெரியதாக வாங்கினால் நல்லது என்ற நினைப்பு. சமையலறைப் புகைப்போக்கி குளிர்ந்த காற்றையே உறிஞ்சி வெளியே தள்ளிக்கொண்டிருந்தால் எவ்வளவு பெரிய ஏர்கானும் தோற்கும். முதலில் சமையலறைக்கும் உணவருந்தும் இடத்துக்கும் நடுவே கதவு மூடுகிறதா என்று பாருங்கள். இரண்டாவது, குளிர்பதன வாயு. 2022 அக்டோபர் 1 முதல் புவிவெப்பத் திறன் (கசிந்தால் புவியை எவ்வளவு சூடாக்கும் என்ற அளவு) 750-க்கு மேற்பட்ட வாயுவில் ஓடும் வீட்டுவகை ‘ஸ்ப்ளிட்’ ஏர்கான்களை இங்கே விற்பனைக்கு விட முடியாது. பழைய ஆர்410ஏ அந்த வரம்புக்கு மேல், இப்போது வரும் ஆர்32 அதற்குக் கீழ். பழைய குழாயையே புதியதற்கும் பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால், தயாரிப்பாளர் அதை ஏற்கிறாரா என்று எழுத்தில் கேளுங்கள்.

6. அனுமதிகள்

விலைப்புள்ளி வாங்குவதற்கு முன்பே இதை முடியுங்கள். அனுமதி கிடைக்காத கருவிக்கு மானியம் கிடைத்து என்ன பயன்?

வாடகைக் கடையென்றால் உரிமையாளரிடம் ஒரு கடிதம். வீவக கடையென்றால் புதுப்பிப்பு விதிகள். உணவங்காடி நிலையத்தில் இருப்பவர்கள் நிலைய நிர்வாகத்திடம் கேட்க வேண்டும், ஒரு கடை எவ்வளவு மின்சாரம் இழுக்கலாம் என்பதற்கு வரம்பு இருக்கும்.

லிட்டில் இந்தியா 1989-இல் பழைய கட்டடங்களைக் காக்கும் மரபுப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள பழைய கடைவீடுகளில் ஏர்கானின் வெளிப்பெட்டியை முகப்பில் மாட்ட முடியாது. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதிப்படி அது பின்பக்கம் போக வேண்டும். பின்பக்கச் சந்தில் இடமில்லாவிட்டால் திட்டமே மாறிவிடும். இதைப் பொருத்தும் நாளன்று கண்டுபிடிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

மின்வேலைக்கு எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்றவர் வேண்டும். மின்சுமை 45 கேவிஏ (மின்சுமையின் அலகு) வரை ‘எலக்ட்ரீஷியன்’ நிலை உரிமம் போதும், 150 வரை ‘டெக்னீஷியன்’, அதற்கு மேல் ‘எஞ்சினியர்’. கடையின் அனுமதிக்கப்பட்ட சுமை 45 கேவிஏ-ஐத் தாண்டினால் மின்அமைப்பு உரிமமும் தேவை. எரிவாயு அடுப்பை விட்டு மின்அடுப்புக்கு மாற நினைப்பவர்கள் இந்த எல்லையைத்தான் முதலில் மோதுவார்கள்.

வாடகை ஒப்பந்தம் இன்னும் ஓர் ஆண்டுதான் என்றால் சுவரோடு பொருத்தும் எதையும் வாங்காதீர்கள். எடுத்துக்கொண்டு போகக்கூடிய ஃப்ரிட்ஜ், ஃப்ரீசரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

7. விலைப்புள்ளி

இப்போதுதான் விற்பனையாளர். அவர் காட்டும் மாதிரி, மானியத் திட்டத்தில் முன்னனுமதி பெற்ற கருவிப் பட்டியலில் இருக்கிறதா என்று மாதிரி எண்ணை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். கடைசி ஒரு எழுத்து மாறினாலும் அது வேறு கருவி.

பட்டியல் ஏன்? ஒவ்வொரு சிறு கடையிலும் ஆளனுப்பிச் சேமிப்பை அளக்கப் போனால், அளக்கும் செலவு சேமிப்பைவிட அதிகமாகும். அதனால் ‘இந்தக் கருவி இவ்வளவு மிச்சப்படுத்தும்’ என்று முன்கூட்டியே ஒத்துக்கொண்டுவிடுகிறார்கள். பட்டியலுக்கு வெளியே பெரிய மாற்றம் செய்ய அதே மானியத்தில் மேல்நிலைப் பிரிவு இருக்கிறது. அங்கே உச்சவரம்பும் பெரிது, கேட்கும் அத்தாட்சியும் பெரிது. முன்னும் பின்னும் அளந்த கணக்கைக் காட்ட வேண்டும்.

விலைப்புள்ளியில் கருவி விலை, பொருத்தும் கூலி, பொருள் சேவை வரி மூன்றும் தனித்தனி வரியாக இருக்கட்டும். 9 விழுக்காடு வரி மானியக் கணக்கில் சேராது. பழைய கருவியை எடுத்துச்செல்வது யார் என்பதும் எழுத்தில் வேண்டும்.

“அண்ணே, கையெழுத்தை மட்டும் போடுங்கள், உங்கள் பங்கையும் நானே பிறகு திருப்பித் தந்துவிடுகிறேன்” என்று ஒரு விற்பனையாளர் சொன்னால் வாசலைக் காட்டுங்கள். விலையை ஏற்றி எழுதித் திருப்பித் தருவது மோசடி. விண்ணப்பத்தில் இருப்பது உங்கள் பெயர், அவருடையது அல்ல.

8. விண்ணப்பம்

அரசின் வணிக மானியத் தளத்தில் கார்ப்பாஸ் வழி நுழைந்து விண்ணப்பிக்க வேண்டும். 2022-இல் திட்டம் வந்தபோது உணவுச் சேவை, உணவு உற்பத்தி, சில்லறை வணிகம் ஆகிய மூன்று துறைகளுக்கு 70 விழுக்காடு வரை, 30,000 வெள்ளி உச்சவரம்போடு தந்தார்கள். 2024 வரவுசெலவுத் திட்டத்துக்குப் பின் வேறு துறைகளுக்கும் விரிந்தது. விகிதமும் கடைசித் தேதியும் வரவுசெலவுத் திட்டத்தோடு மாறக்கூடியவை என்பதால் விண்ணப்பிக்கும் நாளன்று தளத்தில் உள்ளதை மட்டும் நம்புங்கள்.

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வரியைத்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்: மானியம் உண்டு என்று உறுதிசெய்யும் கடிதம் கைக்கு வரும்வரை ஒப்பந்தத்தில் கையெழுத்திடாதீர்கள், முன்பணம் கொடுக்காதீர்கள். ஐம்பது வெள்ளிகூட வேண்டாம். முன்பணம் கட்டிவிட்டவர் மானியம் இல்லாமலேயே வாங்கும் முடிவுக்கு வந்துவிட்டார் என்றுதான் அதிகாரி எடுத்துக்கொள்வார். தொடக்கத்தில் சொன்ன சந்தேகத்துக்கு அதைவிடத் தெளிவான அத்தாட்சி வேண்டியதில்லை.

ஃப்ரீசர் உண்மையிலேயே பழுதாகி நின்றுவிட்டால்? இறைச்சியும் மீனும் உள்ளே இருக்கும்போது யாராலும் கடிதத்துக்காகக் காத்திருக்க முடியாது. அதை மானியக் கணக்கிலிருந்து விலக்கிவிட்டு வாங்குங்கள், மற்றவற்றுக்கு விண்ணப்பியுங்கள். இதனால்தான் கருவி உயிரோடு இருக்கும்போதே தொடங்க வேண்டும் என்கிறேன்.

9. பொருத்தும் நாள்

கழற்றுமுன் பழைய கருவியைப் பெயர்த்தகடு தெரிய நிழற்படம் எடுங்கள். பொருத்திய பின் புதியதையும் அதே இடத்தில், மாதிரி எண், வரிசை எண் தெரிய எடுங்கள். கணக்குவழக்கு மேசையில் உட்கார்ந்த பிறகு இந்தப் படங்கள் கிடைக்காது.

பழைய ஃப்ரீசர் அன்றே கடையைவிட்டுப் போக வேண்டும். “குளிர்பானம் வைக்க ஆகும்” என்று பின்கட்டில் செருகி ஓடவிட்டால், இரண்டு ஃப்ரீசருக்கும் சேர்த்துப் பில் கட்டுவீர்கள். சிக்கனத் திட்டங்களின் சேமிப்பைச் சத்தமில்லாமல் தின்பது இப்படிப் பின்கட்டுக்குப் போன பழைய பெட்டிகள்தான்.

10. பணம் கோருதல்

மானியம் முன்கூட்டி வராது. முழுத் தொகையையும் நீங்கள் கட்டிய பிறகுதான் திரும்பக் கிடைக்கும். இடைப்பட்ட மாதங்களுக்கான கைமுதல் இல்லாதவர் கருவிகளை இரண்டு கட்டமாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

நிறுவனக் கணக்கிலிருந்து நிறுவனக் கணக்குக்கு மட்டும் பணம் அனுப்புங்கள். ரொக்கமாகக் கொடுத்தாலோ, அண்ணன் தன் கடனட்டையில் கட்டினாலோ நிரூபிப்பது பெரும்பாடு. விலைப்பட்டியல், பொருள் ஒப்படைப்புச் சீட்டு, வங்கி அத்தாட்சி மூன்றிலும் பெயரும் தொகையும் ஒன்றாக இருக்கட்டும். கடிதத்தில் ஒரு மாதிரி, ரசீதில் வேறு மாதிரி என்றால் கோரிக்கை நிற்கும். இருப்பில் இல்லை என்று விற்பனையாளர் வேறு மாதிரியைத் தர முன்வந்தால், இறக்குவதற்கு முன்பே மானிய அதிகாரிக்கு எழுதிக் கேளுங்கள்.

11. மிச்சமானதா என்று பார்ப்பது

சென்ற மாத பில்லோடு ஒப்பிடாதீர்கள். சென்ற ஆண்டு இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள், அதுவும் யூனிட்டில். வியாபாரம் கூடியிருந்தால் மொத்த யூனிட் ஏறியே இருக்கலாம். நூறு சாப்பாட்டுக்கு எத்தனை யூனிட் என்று பிரித்துப் பார்த்தால் உண்மை தெரியும்.

இரவு மீட்டர் கணக்கை மறுபடி எடுங்கள். 21 யூனிட் இருந்த இடத்தில் 18 வந்தால் வேலை நடந்திருக்கிறது. அதே 21 வந்தால், ஒன்று வெப்பநிலையைத் தேவைக்குமேல் குறைத்து வைத்திருக்கிறார்கள், அல்லது பின்கட்டில் ஏதோ ஒன்று இன்னும் செருகியிருக்கிறது.

ஆவணங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வையுங்கள். தணிக்கைக்கு ஆள் வந்தால் அதே கோப்பைக் காட்டலாம். கண்டென்சர் சுருளைத் துடைக்கும் தேதிகளையும் அதிலேயே, உறைக்கு மேல் எழுதி வைத்துவிடுங்கள்.